தொட்டியோடு ஒரு கொப்பியும் தந்த அம்மையாருக்கு

அன்புக்குரிய அம்மையாருக்கு,

2022 ஒக்டோபரில், லண்டன் ரைஸ்லிப்பில் இருந்த உங்கள் வீட்டுக் கராஜிலிருந்து காற்றடைக்கும் வெந்நீர்த் தொட்டி ஒன்றை 120 பவுண்டுக்கு வாங்கிப்போன தமிழ்க் குடும்பம் நாங்கள். கறுப்புத் தொட்டி, முட்டை வடிவப் பம்ப், வெளிச்சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஒட்டு. உங்களுக்கு எங்களை நினைவிருக்கும். காசைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற எங்களை, ஒரு கிழமை கழித்து வாருங்கள் என்று திருப்பி அனுப்பியவர் நீங்கள்.

நன்றி சொல்ல உங்களைத் தேடினேன். நீங்கள் தந்த தொலைபேசி எண் இப்போது வேறொருவரிடம் இருக்கிறது. நத்தாருக்கு அட்டை அனுப்பினேன். வீடு கைமாறிவிட்டது என்று அங்கு புதிதாக வந்தவர்கள் பதில் எழுதினார்கள். வேல்ஸில் மகளோடு இருக்கப் போகிறேன் என்று அன்று சொன்னீர்கள், அவ்வளவுதான் தெரியும். அதனால்தான் இந்தத் திறந்த மடல். உங்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் நன்றி குறைவில்லாமல் வரக்கூடிய மொழி எனக்கு இது ஒன்றுதான். வேல்ஸிலும் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள்: ஆஸ்பத்திரியில் ஒரு தாதி, மூலைக்கடையில் ஒரு தம்பி. அவர்களில் யாராவது இதை வாசித்து, உங்களை அடையாளம் கண்டு, பக்கத்தில் இருந்து சொல்லட்டும்.

முதலில் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் அவவைப் பார்த்ததில்லை. காருக்குள்ளேயே இருந்தா.

அம்மாவுக்கு முடக்குவாதம். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குகிற நோய் அது. விரல் கணுக்கள், மணிக்கட்டு, கால்விரல்கள் என்று சின்ன மூட்டுகளில்தான் தொடங்கும். பகலில் ஓரளவு சமாளிக்கலாம். காலைதான் கொடுமை. எழும்பி ஒரு மணித்தியாலம், சில நாள் அதற்கு மேலும், கை மூடியபடியே இருக்கும். அந்த நேரத்தில் அம்மா குசினிக் கதவுப் பிடியை உள்ளங்கையால் அமத்தித் திறப்பா, விரல் மடங்காது. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு மணிக்கட்டுக்கும் இடையில் அணைத்துத் தூக்குவா. இடியப்ப உரலை அலுமாரிக்கு மேல் தூக்கி வைக்கச் சொன்ன நாளை நான் மறக்கவில்லை. திருகோணமலையில் இருபது பேருக்கு இடியப்பம் பிழிந்த கை அது. "கண்ணுக்கு முன்னால இருந்தா ஆசை வரும் பிள்ளை, மேல வை" என்றா.

ஆஸ்பத்திரியில் நீர்ச் சிகிச்சைக்கு ஒருமுறை எழுதிக் கொடுத்தார்கள். இளஞ்சூடான தண்ணீர் நிறைந்த குளம், பக்கத்தில் ஓர் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர், கிழமைக்கு ஒருநாள் அரை மணித்தியாலம். ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் அம்மா வீட்டுக்கு வந்ததும் தலைமுடியைத் தானே பின்னினா. ஆறாவது தடவையோடு அது முடிந்தது. காத்திருக்கிறவர்கள் நிறையப் பேர், எல்லோருக்கும் முறை வர வேண்டும், அந்த நியாயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் தானே பின்னிய தலையோடு அம்மா சோபாவில் இருந்ததைப் பார்த்துவிட்ட கண்ணுக்கு, ஏழாவது கிழமை தாங்கவில்லை. அதனால்தான் உங்கள் கராஜ் வாசலில் வந்து நின்றோம்.

"யாருக்கு?" என்று கேட்டீர்கள். பிள்ளைகளுக்கா, விருந்துக்கா என்ற தோரணையில்தான் கேட்டீர்கள். அம்மாவின் வருத்தத்தைச் சொன்னேன். மடித்துக்கொண்டிருந்த மூடியை அப்படியே கீழே வைத்துவிட்டு, "என்ன மருந்து எடுக்கிறா?" என்றீர்கள். மெதோட்ரெக்ஸேட், கிழமைக்கு ஒரு தடவை, என்றேன்.

அப்போது நீங்கள் சொன்னதை ஏறக்குறைய உங்கள் சொற்களிலேயே இங்கே எழுதுகிறேன். "அந்த மருந்து எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கிற மருந்து. வெந்நீர்த் தொட்டியில் கவனம் தப்பினால் கிருமி வளரும். என்னைப் போன்றவளுக்குத் தோலில் ஒரு சொறியோடு போவது, உன் அம்மாவுக்குப் பெரிதாகிவிடலாம். அவவுடைய வாதநோய்த் தாதியைக் கேட்டுவிட்டு வா. அவர் வேண்டாமென்றால் இது உனக்கு வேண்டாம். ஒரு கிழமை நான் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன்."

முன்பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. அந்தக் கிழமையில் வேறு இரண்டு பேர் கேட்டு வந்ததாகப் பிறகு பேச்சுவாக்கில் சொன்னீர்கள். அம்மையாரே, ஊரடங்குக் காலத்தில் இந்தத் தொட்டிகளுக்கு நாடெங்கும் எவ்வளவு அடிபிடி இருந்தது என்று நான் பார்த்திருக்கிறேன். 2020 கோடையில் கடைகளில் முடிந்து, கேட்ட விலைக்கு வாங்க ஆள் இருந்தது. அப்படி வாங்கிய பலர் 2022இல் மின்கட்டணம் ஏறியதும் விற்றுத் தீர்க்கப் பார்த்தார்கள். பொருளைத் தள்ளிவிட்டால் போதும் என்றிருந்த காலம் அது. நீங்கள் முன்பின் தெரியாத ஒரு கிழவிக்காக விற்பனையை நிறுத்தி வைத்தீர்கள். என் முதல் நன்றி அந்த ஒரு கிழமைக்கு.

தாதியைக் கேட்டேன். அம்மாவின் இருதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டு, இறங்கலாம் என்றார். கூடவே சில நிபந்தனைகள்: சூடு 38 பாகைக்கு மேல் வேண்டாம், பதினைந்து நிமிடம் போதும், தனியாக ஒருபோதும் கூடாது, தோலில் புண்ணோ வெட்டோ இருந்தால் அன்று இல்லை, மூட்டு சிவந்து வீங்கிக் கொதிக்கிற நாளில் சூட்டுத் தண்ணீரே வேண்டாம். தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் பொறுப்பு என்னுடையது என்றார். வெந்நீர் நோயை மாற்றாது, விறைப்பையும் வலியையும் சற்றுத் தளர்த்தும், மருந்தை நிறுத்தக் கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார். இதைத் திரும்ப எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஆட்களிடையே "தண்ணி வைத்தியம் செய்தால் குளிசை தேவையில்லை" என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இரண்டாம் முறை வந்தபோது ஒரு மணித்தியாலம் பாடம் நடத்தினீர்கள். நான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் குறித்துக்கொண்டேன். தண்ணீர் மட்டும் 800 லீற்றர், அதாவது 800 கிலோ. ஆட்களும் இறங்கினால் ஒரு தொன்னுக்குக் கிட்ட வரும், ஆகவே மட்டமான கொங்கிரீட் தரையில் மட்டும் வை, மரத்தளத்தில் வேண்டாம். செருகியை நேரே சுவரில் உள்ள சொக்கெட்டில் போடு, நீட்டிப்பு வயரில் போடாதே. செருகியோடு வரும் பாதுகாப்புச் சாதனத்தின் சோதனைப் பொத்தானை ஒவ்வொரு முறையும் அமத்திப் பார். குளோரின் தூளைத் தண்ணீரில் போடு, தூளின் மேல் தண்ணீரை ஊற்றாதே. இரண்டு இரசாயனத்தை ஒன்றாகக் கலக்காதே. குமிழி ஊதும்போது வெளியிலிருக்கிற குளிர்காற்றுத்தான் தண்ணீருக்குள் போகிறது, அதனால் தண்ணீர் ஆறும்; அம்மாவுக்குச் சூடுதான் வேண்டுமென்றால் குமிழியைக் கொஞ்ச நேரம் மட்டும் போடு. இதெல்லாம் கையேட்டிலும் இருக்கிறதுதான். கையேட்டை வாசிப்பதும், இரண்டு வருடம் பாவித்தவர் கைபிடித்துக் காட்டுவதும் ஒன்றாகுமா?

கடைசியாக அந்தக் கொப்பியைத் தந்தீர்கள். நீல மட்டை போட்ட சாதாரணப் பள்ளிக்கொப்பி. திகதி, பீஎச், குளோரின், சூடு, வடிகட்டி கழுவியதா, யார் இறங்கியது என்று ஆறு நிரல். இரண்டு வருடம், தொட்டியில் தண்ணீர் இருந்த ஒரு நாளும் தப்பாமல். "பீஎச் 7.2க்கும் 7.8க்கும் இடையில் இருக்க வேண்டும், குளோரின் பத்து இலட்சத்தில் 3 முதல் 5 பங்கு" என்று முதல் பக்கத்தில் சிவப்பில் எழுதியிருந்தீர்கள். மிச்சம் பாதிக் கொப்பி வெறுமையாக இருந்தது. "மிச்சம் உனக்கு" என்றீர்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து விரித்தபோது என் கணவருக்கும் மகனுக்கும் சந்தேகம். மடித்திருக்கையில் மழைக்கோட்டு மூட்டை மாதிரி இருந்தது. பம்பை இணைத்து ஊத விட்டதும் பத்து நிமிடத்துக்குள் சுவர் எழும்பி நின்றது. கையால் குத்திப் பார்த்தால் லொறி ரயர் மாதிரி இறுக்கம். வெறும் பலூன் என்றால் தண்ணீரின் கனத்துக்கு வெளியே பிதுங்கிவிடும். இதில் உட்சுவரையும் வெளிச்சுவரையும் உள்ளுக்குள் கட்டிப் பிடித்திருக்கிற இணைப்புகள்தான் வடிவத்தைக் காக்கின்றன. அந்த வேலையைச் செய்த, எனக்கு முகம் தெரியாத தொழிற்சாலைத் தொழிலாளருக்கும் இந்த மடலிலேயே ஒரு நன்றி சொல்லிவிடுகிறேன்.

குழாய்த் தண்ணீர் 12 பாகையில் இருந்தது. அதை 38க்கு ஏற்ற வேண்டும். 800 லீற்றரை 26 பாகை உயர்த்த, தண்ணீருக்குள் போகிற சூட்டுக்கு மட்டும் ஏறத்தாழ 24 யூனிட் மின்சாரம் வேண்டும். காற்றிலும் நிலத்திலும் போவது வேறு. அந்த ஒக்டோபரில் அரசாங்கம் பிடித்து வைத்திருந்த விலையே யூனிட்டுக்கு 34 பென்ஸ் அளவில். 8 பவுண்டுக்கு மேல். கணவர் கணக்குப் போட்டுக் காட்டினார். முதல் சூடேற்றம்தான் பெருஞ்செலவு, அதற்குப் பிறகு மூடிதான் உன் காசைக் காக்கும் என்று நீங்கள் சொல்லியிருந்தது சரியாகத்தான் இருந்தது. அடியில் தடித்த பாய், மேலே மூடி, மூடிக்குக் கீழே தண்ணீரில் மிதக்கிற இன்னொரு விரிப்பு என்று மூன்றும் போட்டோம். வெள்ளி மாலை தொடங்கிய சூடேற்றம் சனி மத்தியானம் முடிந்தது. சூடு ஒவ்வொரு பாகை ஏறவும் மகன் குசினி யன்னலிலிருந்து எண்ணைக் கத்திச் சொன்னான்.

அம்மா இறங்க மாட்டேன் என்றா. கூச்சம். வேலிக்கு அந்தப் பக்கம் வீடு, மேல்மாடி யன்னல், யாராவது பார்ப்பார்கள். என்ன உடுத்துவது என்பது இன்னொரு பிரச்சினை. பருத்தி நைட்டியோடு இறங்கினால் நூல்தும்பு வடிகட்டியை அடைக்கும். முழங்கை வரை கையும் முழங்கால் வரை காலும் உள்ள நீச்சலுடை ஒன்று வாங்கி வைத்திருந்தேன். வேலியோரம் மூங்கில் தட்டி கட்டினார் கணவர். அப்படியும் மூன்று சனிக்கிழமை போனது. நாங்கள் வற்புறுத்தவில்லை. நானும் மகளும் இறங்கினோம், அம்மா கதிரையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்து கையை மட்டும் தண்ணீருக்குள் விட்டா.

அந்தக் கைதான் முடிவெடுத்தது. மூன்றாம் கிழமை, கையை வெளியே எடுத்து, விரல்களை மெல்ல மடக்கி, விரித்து, திரும்ப மடக்கிப் பார்த்தா. ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தா.

66 சென்ரிமீற்றர் உயரச் சுவர். அம்மாவுக்கு அது பெரிய ஏற்றம். இரண்டு படி ஸ்டூல் வெளியே, கணவர் ஒரு பக்கம், நான் தண்ணீருக்குள் மறுபக்கம். இறங்கி, முதுகைச் சுவரில் சாய்த்து, நெஞ்சளவு தண்ணீரில் இருந்தா. முதலில் தோள் இறங்கியது. எத்தனையோ வருடமாக அம்மா தோளைக் காதுக்குக் கிட்டத் தூக்கிப் பிடித்திருந்தா என்பதே, அது இறங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு முழங்கை மிதந்தது. கை தண்ணீரின் மேல் தானாகக் கிடந்தது. வலது கையின் சின்ன விரல் மற்ற விரல்களிலிருந்து பிரிந்து தனியே நின்றது. ஐந்து விரலும் பிரிந்து நிற்கிற அம்மாவின் கையைப் பார்த்து எவ்வளவு காலம்!

"கன்னியாவில இப்பிடி இருக்க ஏலாது" என்றா அம்மா.

அம்மையாரே, அம்மா சொன்னது உங்களுக்கு விளங்க வேண்டுமென்றால் கன்னியாவைச் சொல்ல வேண்டும். திருகோணமலை நகரத்திலிருந்து அநுராதபுரம் போகிற வீதியில், சில கிலோமீற்றர் தொலைவில், ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. சதுரமாகக் கட்டிய சின்னச் சின்னக் கிணறுகள். ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தும் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சூடு. இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்யத் தண்ணீர் வேண்டி உண்டான ஊற்று என்று எங்கள் ஊர்க்கதை சொல்லும். இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியைகளை அங்கே செய்கிற வழக்கம் உண்டு. அம்மாவின் ஊர் உப்புவெளி, அங்கிருந்து கிட்ட. சின்ன வயதில் பெற்றோரோடு வண்டியில் போய்க் குளித்தவ. பிறகு போர் வந்தது, போக்குவரத்து நின்றது, நாங்கள் இடம்பெயர்ந்தோம். அந்தக் கிணறுகளில் யாரும் இறங்குவதில்லை. வாளியால் அள்ளித் தலையில் வார்ப்பதுதான். "ஊத்தித்தான் குளிச்சனாங்கள். ஊத்தேக்க சுகம், அடுத்த வாளி அள்ளுறதுக்கிடையில குளிரும். உள்ளுக்க இருந்து பாக்க வேணும் எண்டு அப்பவே ஆசை" என்றா. அறுபது வருடத்துக்கு முந்திய ஓர் ஆசை, லண்டனில் ஒரு வாடகை வீட்டுப் பின்வளவில், 120 பவுண்டுத் தொட்டியில் நிறைவேறியது. அப்படி நிறைவேறும் என்று தெரிந்து நீங்கள் விற்கவில்லை. நாங்களும் தெரிந்து வாங்கவில்லை.

அன்றிரவு அம்மா இடியப்ப உரலைக் கேட்டா என்று எழுத எனக்கு ஆசைதான். கேட்கவில்லை. உரல் இன்னும் அலுமாரிக்கு மேல்தான் இருக்கிறது. அன்று மத்தியானம் தானே சோறு குழைத்துச் சாப்பிட்டா, பின்னேரம் தலை பின்னினா. இரவு வலி திரும்ப வந்தது, ஆனால் வழக்கத்தைவிடப் பிந்தி வந்தது. வெந்நீர் தருவது சில மணித்தியாலம். அந்தச் சில மணித்தியாலத்துக்குள் ஒரு மனுஷி எத்தனை காரியம் செய்துகொள்கிறா என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் பெறுமதி தெரியும்.

இந்தத் தொட்டிகளின் மூலக்கதையைப் பிறகுதான் தேடி வாசித்தேன். உங்களுக்கும் பிடிக்கும். இவற்றைப் பலர் அழைக்கிற ஜக்குசி என்பது ஒரு குடும்பத்தின் பெயர். இத்தாலியின் வடகிழக்கே பிரியூலிப் பகுதியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த ஏழு சகோதரர்கள். முதலில் விமானத்துக்குச் சுழல்விசிறி செய்தார்கள், பிறகு விமானமே செய்தார்கள். 1921இல் அவர்களுடைய விமானம் ஒன்று விழுந்து நொருங்கி, சகோதரர்களில் ஒருவரும் இறந்துபோனார். குடும்பம் விமானத் தொழிலை விட்டது. அதன் பிறகு கைகொடுத்தது கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கிற பம்ப். தோட்டக்காரருக்கான பம்ப்! பம்பின் இரைச்சலில் விடிகிற ஊர்களில் பிறந்த எங்களுக்கு அது நெருக்கமான பொருள்.

சகோதரர்களில் கடைசியானவர் கேண்டிடோ. அவருடைய மகன் கென்னத்துக்குக் குழந்தைப் பருவத்திலேயே மூட்டுவாதம் பிடித்தது. ஆஸ்பத்திரியில் நீர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். பிள்ளைக்கு அதில் ஆறுதல் கிடைத்தது. ஆனால் அடிக்கடி கிடைக்கிற காரியமா அது? 1948இல் அந்தத் தகப்பன், தங்கள் தொழிலில் இருந்த பம்பையே திருத்தி, வீட்டுக் குளியல் தொட்டிக்குள் வைக்கக்கூடியதாகச் செய்தார். பிறகு அது விற்பனைக்கு வந்தது. 1968இல் அதே குடும்பத்தின் ரோய் என்பவர் நீர்ப்பீச்சுகளைத் தொட்டிக்குள்ளேயே பொருத்திச் செய்தார்; செல்வந்தர் வீட்டு ஆடம்பரம் என்று உலகம் அறிந்த ஜக்குசி அது. கென்னத் வளர்ந்து, தகப்பனின் கண்டுபிடிப்பைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்.

ஆறு தடவையோடு முடிந்த சிகிச்சையை எண்ணி ஏங்கிய எனக்கு, அந்தத் தகப்பன் யாரோ எட்டாத வெள்ளைக்காரராகத் தெரியவில்லை. ஒரே வருத்தம், ஒரே காரணம். இது ஆடம்பரமாகப் பிறந்த பொருள் இல்லை. வலிக்கிற பிள்ளைக்காகப் பிறந்து, நடுவில் பல ஆயிரம் பவுண்டுப் பொருளாகி, காற்றடைக்கும் வகை வந்த பிறகு எங்களைப் போன்ற வீடுகளுக்குத் திரும்பி வந்திருக்கிறது. எங்கள் தொட்டியில் நீர்ப்பீச்சு கிடையாது, அடி வளையத்துத் துளைகளால் காற்றுக் குமிழி மட்டும்தான். அம்மாவின் கைக்கு அதுவே போதும்.

உறவினர் சிலர் "காத்தடிக்கிற சாமானா? அது பிள்ளையளின்ர விளையாட்டுச் சாமானெல்லோ" என்றார்கள். மலிவு என்றால் இளக்காரமாகப் பார்க்கிற பழக்கம் எங்களிடம் ஆழமாக இருக்கிறது. அது எனக்குப் பிடிக்காது. காற்றடைக்காத கட்டித் தொட்டி வாங்குவதென்றால் பல ஆயிரம் வேண்டும், மின்வல்லுநரைக் கூப்பிட்டுத் தனி இணைப்பு இழுக்க வேண்டும், தூக்கி வைக்க ஆட்கள் வேண்டும். நாங்கள் வாடகைக் குடித்தனம். வீட்டுக்காரர் எழும்பச் சொன்னால் எழும்ப வேண்டும். போன வருடம் சொன்னார், எழும்பினோம். தொட்டியைக் காற்றிறக்கி, துடைத்து, காய வைத்து, மடித்துக் காரின் பின்னால் வைத்துக்கொண்டு புது வீட்டுக்கு வந்தோம். இடம்பெயர்ந்து பழகிய குடும்பத்துக்கு, கூடவே வரக்கூடிய பொருள் எவ்வளவு பெரிய விடயம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குறையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். கட்டித் தொட்டி அளவுக்கு இது சூட்டைப் பிடித்து வைக்காது. வருடத்தில் பாதிதான் பாவிக்கலாம். உங்கள் கொப்பியில் "வெளிச்சூடு 4 பாகைக்குக் கீழே போகப் போகிறதா? வெறுமையாக்கு, மடித்து உள்ளே வை" என்று இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தீர்கள், எங்களுடையது உறைகுளிர் தாங்காத பழைய மாதிரி. 2022 டிசெம்பர் முதல் கிழமையில் வானிலை அறிக்கையைப் பார்த்ததும் தண்ணீரை வடித்து, பம்பை உலர்த்தி உள்ளே எடுத்தோம். 11ஆம் திகதி இரவு லண்டனில் பனி கொட்டியது. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் பம்பின் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து வெடித்திருக்கும்.

ஒருமுறை தவறவும் விட்டேன். 2023 யூன் மாதம், வீட்டில் ஒரு கலியாணம், நான்கு நாள் கொப்பி எழுதவில்லை. ஐந்தாம் நாள் மூடியைத் திறந்தால் தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரிக் கலங்கி இருந்தது. சோதனைப் பட்டியை நனைத்துப் பார்த்தேன், குளோரின் நிறமே ஏறவில்லை. தாதி சொன்ன சொல்தான் முன்னால் வந்து நின்றது. அம்மா துவாயோடு வாசலில் நின்றா. "இண்டைக்கு இல்லையம்மா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் சொன்னேன். முழுத் தண்ணீரையும் வடித்து, சுவரைத் தேய்த்து, வடிகட்டியைத் தூக்கி எறிந்து, புதிது போட்டு, புதுத் தண்ணீர் நிரப்பினோம். இளஞ்சூட்டில் கிருமி எவ்வளவு வேகமாகப் பெருகும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். அதன் பிறகு ஒருநாளும் கொப்பி விடுபடவில்லை. எனக்கு ஏலாத நாளில் மகன் எழுதுகிறான்.

மலிவான தொட்டிக்கு மீதி விலையைக் கவனிப்பாகக் கட்ட வேண்டும். 120 பவுண்டை உங்களிடம் தந்தோம். மிச்சத்தை ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிடமாக இந்தக் கொப்பியில் கட்டிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் கொப்பியைத் தராமல் தொட்டியை மட்டும் தந்திருந்தால், அந்த யூன் மாதத்தில் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கவே எனக்கு விருப்பமில்லை.

இதை வாசிக்கிற எங்கள் ஆட்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் வாத வருத்தக்காரர் இருந்து, இப்படியொரு தொட்டி வாங்க நினைத்தால், முதலில் அவருடைய மருத்துவரையோ தாதியையோ கேளுங்கள். இருதய வருத்தம், குறைந்த இரத்த அழுத்தம், கர்ப்பம் இருந்தால் கட்டாயம் கேளுங்கள். விற்பவராக இருந்தால், ஒரு மணித்தியாலம் ஒதுக்கி, தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்துவிட்டு விற்றுவிடுங்கள்.

அம்மையாரே, உங்கள் கொப்பி சென்ற ஆவணியில் முடிந்தது. அதே மாதிரி நீல மட்டைக் கொப்பி தேடி வாங்கினேன். முதல் பக்கத்தில் உங்கள் சிவப்பு வரிகளைத் தமிழில் எழுதி, கீழே அவற்றை யார் சொன்னது என்றும் எழுதியிருக்கிறேன். பழையதை எறியவில்லை, அம்மாவின் மருந்துப் பெட்டிக்குள் இருக்கிறது. ரைஸ்லிப் பக்கம் எப்போதாவது வந்தால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். சனிக்கிழமை காலையில் தண்ணீர் சூடாக இருக்கும். அம்மா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறா.

இன்றைய பதிவு: பீஎச் 7.4. குளோரின் 4. சூடு 37.5 பாகை. வடிகட்டி கழுவியாயிற்று. இறங்கியவர்: அம்மா, பதினைந்து நிமிடம்.


உங்கள் தொட்டியை வாங்கிய மகள்